கள்ளப் பிரதி

முதலில் கெடுதல் செய்தவன் சங்கரநயினார்தான். அதை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

விசைத்தறிக் கொட்டகையில் ஒரு பேல் சேலை, முழுக் கட்டாக, காணாமல் போனது. நயினார் அங்கே மேஸ்திரி. தறி ஓட்டுகிறவர்கள், நூலைத் தார் சுற்றுகிற பெண்கள், லாரிக்காரன் எல்லோரும் நிற்கும்போது, தறி ஓட்டுகிறவர்களில் ஒருவரான ஆவுடையப்பனை நோக்கிக் கையை நீட்டி, "ஆவுடையப்பன்தான் எடுத்திருப்பான். கள்ளப் பய" என்றான்.

மறுவாரம் பேல் கிடைத்துவிட்டது. லாரிக்காரன் அதை ராஜபாளையத்தில் தவறுதலாக இறக்கிவிட்டு வந்திருந்தான்.

"கிடைச்சிருச்சு. போய் வேலையைப் பாருங்க" என்றான் நயினார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

பிறகு ஆவுடையப்பனின் மகள் கல்யாணத்துக்கும் வந்தான். முதல் பந்தியிலேயே உட்கார்ந்தான். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தான். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் கொண்டுவரவில்லை.

ஆவுடையப்பன் காத்திருந்தார். கொட்டகையை மூடினார்கள். தலை நரைத்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் சந்தையில் வைத்து நயினாரை மறித்து, "என்னை ஏன் கள்ளன்னு சொன்ன?" என்று கேட்டே விட்டார்.

நயினார் காதில் கையைக் குவித்தான்.

"கடலையா? கடலை அந்தக் கடைசிக் கடையில கிடைக்கும்வே."

தறிச் சத்தம் அவன் காதைத் தின்று முடித்திருந்தது. காது கேளாதவனிடம் போய் எதை வசூலிப்பது?

ஆவுடையப்பனுக்கு அப்போது சங்கரன்கோவிலில் ஒரு செவித்திறன் மையத்தில் வேலை. கதவு திறப்பது, பெருக்குவது, வருகிறவர்களை வரிசையாக உட்கார வைப்பது. மையத்தை நடத்தியவர் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்த கனகமணி டீச்சர். ஆவுடையப்பனுக்கு மகள் வயது. காது மெஷின் வைத்துக்கொண்டவர்களுக்கு அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது டீச்சரின் வேலை.

ஒருநாள் ஆவுடையப்பன் விளக்குமாறும் கையுமாக நின்று கேட்டார்.

"அதுல என்ன டீச்சர் பண்ணுதீங்க?"

டீச்சர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து டீச்சர்தான் அவருக்குக் குரு. வெளியில் அப்படித்தான் சொல்வார். டீக்கடையில் சிரித்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, குரு இன்னைக்கு என்ன உபதேசம் பண்ணுனாங்க?"

"கம்ப்யூட்டர் எலியை ரெண்டு தடவை தட்டச் சொன்னாங்க."

"தட்டுனா?"

"கதவு திறக்கும்ல. உன் கடை டீ மாதிரியா, எத்தனை தடவை தட்டினாலும் வராம இருக்க?"

மையத்துக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குப் பெட்டி கிடையாது, ஒயர் கிடையாது. திரையில் ஒரு ஜன்னலுக்குள் மட்டும் அது உயிரோடு இருக்கும். டீச்சர் அதை வி.எம். என்பார். ஆவுடையப்பன் உள்கம்ப்யூட்டர் என்பார்.

அது எதற்கு என்றால், மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேரின் காதில் இருப்பது ஒரு பழைய மெஷின். செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதைச் சரிசெய்கிற மென்பொருள் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். புதியதில் ஏறாது. அதனால் புதிய கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்திருந்தார்கள். அந்தப் பழைய சிஸ்டத்துக்கு முறையாக உரிமம் வாங்கிய ஒரே ஒரு சாவி எண் மையத்திடம் இருந்தது. இப்போது அதைக் கடையில் விற்பதில்லை. போனால் போனதுதான்.

ஐப்பசியில் இடி விழுந்து அந்தக் கம்ப்யூட்டர் எரிந்துபோனது. நல்லவேளை, உள்கம்ப்யூட்டரை மட்டும் டீச்சர் ஒரு தனி டிஸ்கில் எடுத்து வைத்திருந்தார். புதுப் பெட்டி வந்து இறங்கிய மறுநாள், தெருவில் யாரோ சொல்லி ஆவுடையப்பன் காதுக்கு ஒரு செய்தி வந்தது. நயினாரின் மகன் எங்கிருந்தோ அந்தப் பழைய மெஷின் ஒரு ஜோடி வாங்கி அனுப்பியிருக்கிறான். வியாழக்கிழமை நயினார் மையத்துக்கு வருகிறான்.

"டீச்சர், அன்னைக்கு அவனுக்குக் காது கேக்குமா?"

"எல்லாம் சரியா ஓடினா கேக்கும், அண்ணாச்சி."

"சந்தையில கேட்டதை மறுபடி கேட்கப் போறேன். முகத்துக்கு நேரா. இனி கடலைங்க முடியாதுல்ல?"

டீச்சர் அவரையே பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை இருந்தது.

"அண்ணாச்சி, டிஸ்கை மாட்டி உள்கம்ப்யூட்டரைப் புதுப் பெட்டிக்குக் கொண்டுவந்து திறந்து வைங்க. நான் வந்துருவேன்."

ஆவுடையப்பன் அப்படியே செய்தார். கோப்புகள் வந்து சேர்ந்தன. இரண்டு தடவை தட்டினார். உடனே திறக்கவில்லை. ஒரு கேள்வி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். இதை இடம் மாற்றினீர்களா, அல்லது நகல் எடுத்தீர்களா?

யோசித்தார். டிஸ்கிலும் இருக்கிறது, இதிலும் இருக்கிறது. அப்படியானால் நகல்தானே? மாற்றினேன் என்று அமுக்கினால் பொய் அல்லவா? ஒரு தடவை கள்ளன் என்று பேர் வாங்கியவன் சின்ன விஷயத்திலும் பொய் சொல்ல மாட்டான். நகல் என்பதை அமுக்கினார்.

உள்கம்ப்யூட்டர் திறந்தது. நீலமாக விடிந்தது. பிறகு மூலையில் ஏதோ ஒரு வாசகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நடுவில் வந்து மறித்துக்கொண்டது. பெரிய பெரிய இங்கிலீஷ் சொற்கள். போனில் படம் பிடித்தார். போன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டியது.

"இந்தப் பிரதி அசலானது அல்ல. இது திருட்டுப் பிரதியாக இருக்கலாம்."

ஆவுடையப்பனுக்குக் காது அடைத்தது.

"யாருல திருட்டு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். அறையில் வேறு யாரும் இல்லை. கண்டதையெல்லாம் அமுக்கினார். அது எதையோ அழிக்கட்டுமா என்று கேட்டது. "அழில!" என்று அதையும் அமுக்கினார். பாதி அழிந்துகொண்டிருக்கும்போதே ஸ்விட்சை அணைத்தார்.

திரும்பிப் பார்த்தால் வாசல் பெஞ்சில் நயினார் வந்து உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு துணிப்பை. இவர் கத்தியது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு, இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

டீச்சர் வந்தபோது ஆவுடையப்பன் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"கெடுத்துட்டேன் டீச்சர்."

டீச்சர் உள்கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார். கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

"ஆரம்பத்துல ஒரு கேள்வி கேட்டிருக்குமே. என்ன சொன்னீங்க?"

"நகல்னு சொன்னேன். உண்மை அதுதானே? உண்மையைச் சொன்னவனைப் பார்த்துத் திருட்டுங்குது."

டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"பழைய பெட்டி என்னாச்சு?"

"எரிஞ்சு போச்சு."

"இனி ஓடுமா?"

"எங்க ஓட? காயலான் கடைக்காரனே தூக்க யோசிச்சான்."

"டிஸ்கில இருக்கிறது?"

"அது சும்மா கிடக்கு."

"அப்போ ஓடுறது எத்தனை?"

"ஒண்ணு."

"ஒரு வீட்டுல இருந்த ஒருத்தர் வீடு எரிஞ்சு அடுத்த வீட்டுக்கு வந்தா, அவர் நகலா?"

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நகல்னு சொன்னதும், இது வேற ஆளுன்னு நினைச்சு அது தனக்கு ஒரு புது எண் போட்டுக்கிடுச்சு. சாவி பழைய எண்ணுக்குக் கொடுத்தது. அதான் சந்தேகப்பட்டிருக்கு."

"பொய் சொல்லிறக் கூடாதுன்னு பார்த்தேன் டீச்சர்."

"தெரியும் அண்ணாச்சி."

வெளியே நயினார் துணிப்பையை மடியில் இடம் மாற்றி வைத்தான். ஆவுடையப்பன் அவனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"இன்னைக்கு முடியாதா? அவனைப் போகச் சொல்லிறவா?"

"அமுக்கினதுல டிஸ்கில இருந்ததும் பாதி அழிஞ்சிருக்கு. சிஸ்டத்தைப் புதுசாப் போடுவோம். உட்காருங்க."

டீச்சர் டிஸ்கில் மிஞ்சியிருந்ததிலிருந்து பழைய எண்ணைப் பார்த்து எழுதி, மாறிப்போன எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதைப் போட்டார். பிறகு உள்கம்ப்யூட்டருக்குள் இருந்ததை முழுக்கத் துடைத்தார். துடைத்த இடத்தில் பழைய சிஸ்டத்தை முதலிலிருந்து ஏற்றத் தொடங்கினார். திரையில் ஒரு பட்டை மெதுவாக ஊர்ந்தது.

ஆவுடையப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் அழிச்சாச்சு. உள்ளே பழசு ஒண்ணும் இல்லை. பிறகு எப்படி டீச்சர் அதுக்கு நம்மளை அடையாளம் தெரியும்?"

"போன வருஷம் திருச்செந்தூர்ல மொட்டை போட்டீங்களே?"

"ஆமா. மீசையையும் சேர்த்து எடுத்தேன்."

"அப்படியே வீட்டுக்குப் போனீங்களே, உங்க வீட்டம்மா உள்ளே விட்டாங்களா?"

ஆவுடையப்பன் மெல்லச் சிரித்தார்.

"விட்டா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. ஆனா விட்டா."

பட்டை நிறைந்தது. சாவி எண்ணைக் கேட்டது. டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஆவுடையப்பன் அடித்தார். கடைசியில் ஒரு போன் எண்ணைக் கொடுத்து, அதில் பேசி உறுதிசெய்யச் சொன்னது. டீச்சர் போனைப் போட்டு நடுவில் வைத்தார். மனிதர் இல்லாத ஒரு குரல் இங்கிலீஷில் ஏதோ கேட்டது.

"என்ன கேக்கு?"

"இந்தப் பிரதியை எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்கன்னு கேக்குது. நீங்களே சொல்லுங்க."

ஆவுடையப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். போனுக்கு அருகில் குனிந்தார்.

"ஒன்" என்றார்.

அந்தக் குரல் நன்றி சொன்னது. எண்களை வாசித்தது. டீச்சர் அடித்தார். திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரு வரி வந்தது.

"என்ன சொல்லுது டீச்சர்?"

"அசல்னு சொல்லுது."

"இன்னொரு தடவை வாசிங்க."

"அசல் பிரதின்னு சொல்லுது, அண்ணாச்சி."

"காலையில திருட்டுன்னு சொன்னதே. அதுக்கு ஒண்ணும் சொல்லலையா?"

"அது சொல்லாது."

"அதுவும் அந்த ஜாதிதானா?" என்று ஆவுடையப்பன் வாசலைப் பார்த்தார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நயினாரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். டீச்சர் இரண்டு காதிலும் மெஷினை வைத்து, மெல்லிய ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தார். உள்கம்ப்யூட்டருக்குள் மறுபடி ஏற்றிய பழைய மென்பொருள் கண் திறந்தது. டீச்சர் கோடுகளை ஒவ்வொன்றாக உயர்த்தினார். திடீரென்று நயினார் நிமிர்ந்து மேலே பார்த்தான்.

"அது என்ன சத்தம்?"

"மின்விசிறி, ஐயா."

"மின்விசிறிக்குச் சத்தம் உண்டா?" என்றான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

சரியாகக் கேட்கிறதா என்று பார்ப்பதற்கு மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பின்னால் நின்று, வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். வந்தவர் உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது. முதலில் வெறும் ஒலிகள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பிறகு சொற்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னால் நின்று சொல்வது எப்போதும் ஆவுடையப்பனின் வேலை.

முகத்துக்கு நேராகக் கேட்பதற்காக வைத்திருந்த கேள்வியோடு அவர் நயினாரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். நரைத்த பிடரி. கிழிந்து தைத்த காலர். காதின் பின்னால் அந்த மெஷின்.

"ஆ" என்றார்.

நயினார் கையைத் தூக்கினான்.

"ஈ."

தூக்கினான்.

"ஸ்."

கொஞ்சம் தயங்கித் தூக்கினான்.

"இனிமே சொல்" என்றார் டீச்சர்.

"அணில்."

"அணில்."

"கதவு."

"கதவு."

"மிளகாய்."

"மிளகாய். டீச்சர், கேக்கு! மிளகாய்ங்காரு!"

"பேசாம கேளுங்க ஐயா."

"சரி, சரி."

"தொட்டில்."

"தொட்டில்."

"நல்லா வருது. வாக்கியமாச் சொல்லுங்க, அண்ணாச்சி."

அட்டையின் உட்புறத்தில் வாக்கியங்கள் ஒட்டியிருந்தன. மாடு புல் தின்றது என்பது முதல் வாக்கியம். ஆவுடையப்பன் அட்டையைப் பார்க்கவில்லை. இவன் வாயிலிருந்து எதை வேண்டுமானாலும் இப்போது வரவழைக்கலாம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. நாக்கு முந்திக்கொண்டது.

"ஆவுடையப்பன் கள்ளன் இல்லை."

நயினார் பாடம் ஒப்பிக்கிற அதே குரலில் சொன்னான்.

"ஆவுடையப்பன் கள்ளன் இல்லை."

மின்விசிறி சுற்றியது.

டீச்சர் ஆவுடையப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை. நயினாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் என்ன இருந்தது என்பது ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது பிடரி மட்டும்தான்.

சொற்களுக்குக் கை தூக்க வேண்டியதில்லை. ஆனால் நயினாரின் கை மெல்ல மேலே போனது. போய் அங்கேயே நின்றது.

"அடுத்தது, அண்ணாச்சி" என்றார் டீச்சர். குரல் மெதுவாக இருந்தது.

ஆவுடையப்பன் அட்டையைப் பார்த்தார்.

"மாடு புல் தின்றது."

"மாடு..." என்றான் நயினார். மறுபடி தொடங்கினான். "மாடு புல் தின்னுச்சு."

கை இறங்கியது.

எல்லாம் முடிந்து அவன் கிளம்பும்போது ஆவுடையப்பன் வாசல்படிவரை கூடப் போனார். அது அவருடைய வேலை, அதனால் போனார். தெருவில் ஒரு பைக் ஹாரன் அடித்தது. நயினார் அதிர்ந்துபோய் ஆவுடையப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இவ்வளவு சத்தமாவா வேய் இருக்கு ஊரு?"

"எப்பவும் இப்படித்தான்."

கையை உடனே எடுக்கவில்லை. ஆவுடையப்பனும் உதறவில்லை. நின்றார். எதிரே முகம் இருந்தது. காது திறந்து இருந்தது. கேட்க வேண்டியது ஒரே வரி. நயினாரின் கண் கலங்கியிருந்தது. வாய் திறந்து மூடியது.

ஆவுடையப்பன் காத்திருந்தார்.

"செருப்புச் சத்தம்கூடக் கேக்கு, வே" என்றான் நயினார், கீழே பார்த்துக்கொண்டு.

"கேக்கும். தண்ணி படாமப் பார்த்துக்கோ. குளிக்கும்போது கழட்டி வை."

"சரி. வாரேன்."

போய்விட்டான். ஒவ்வொரு அடியாக வைத்து, தன் செருப்பின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனான்.

ஆவுடையப்பன் உள்ளே வந்தார். டீச்சர் உள்கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னான். அது என் சொல்தானே டீச்சர்?"

"உங்க சொல்தான்."

"படியில நின்னேன். கையைப் பிடிச்சான். ஒண்ணும் சொல்லலை."

"ம்."

"நானும் கேட்கலை. கேட்டிருக்கலாம். குளிக்கும்போது கழட்டி வைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

டீச்சர் மெஷின் ஒயரைச் சுருட்டினார்.

"அப்போ எனக்கு வர வேண்டியது இன்னும் அப்படியே நிக்குது."

"நிக்குது."

இல்லை என்று சொல்வார் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்திருந்தார். போகட்டும் விடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அவருக்குக் கோபம் வந்தது.

"பிறகு இன்னைக்கு என்னதான் நடந்துச்சு?"

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"அவருக்குக் கேட்டுச்சு, அண்ணாச்சி. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேட்டுச்சு."